இருபத்திரண்டு சுற்று

டிசம்பரில் ஃபோர்ட் லீயில் மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கிவிடும், ஐயா. நாங்கள் படம் எடுக்கும் கொட்டகைக்குக் கூரை முழுக்கக் கண்ணாடி. சூரியன் போனால் அன்றைய வேலையும் போனது.

என் பெயர் அகஸ்ட் ப்ரெம்மர். ஒன்பது வருடமாகக் கேமராவின் கைப்பிடியைச் சுற்றுகிறேன். அன்று எடுத்தது ஊரறிந்த ஒரு பழைய நாவல். ஒரு கிழவர் நாற்பது வருடம் பின்னால் போய்த் தன் கல்யாணத்தைத் தானே பார்த்துவிட்டு மறைகிறார். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு சட்டியில் புகை போடுவோம். நான் "அசையாதீங்க" என்றதும் எல்லோரும் சிலையாக நிற்பார்கள். கேமராவை நிறுத்துவேன், கிழவர் நடந்து வெளியே போவார், மறுபடி சுற்றுவேன். படத்தில் அவர் கரைந்து போயிருப்பார். நான் "சரி" என்னும்வரை ஒருவரும் அசையக்கூடாது என்பது எங்கள் சட்டம்.

பதின்மூன்று முறை கெட்டது. அதில் எட்டு முறை, மணப்பெண்ணாக நின்ற மேபல் ட்ரஸ்க் சிரித்துக் கெடுத்தாள்.

"நான் என்ன பண்ணட்டும்? அகஸ்ட் மூஞ்சியப் பாருங்க. கல்யாணத்துக்கு வந்தவராட்டமா இருக்காரு? எழவு வீட்டுக்கு வந்தவராட்டம் நிக்கிறாரு!"

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். எனக்குக் கோபமில்லை, ஐயா. அலுத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான்.

பதினான்காவது முறை எல்லோரும் ஒழுங்காக நின்றார்கள். கிழவர் மறைந்த கணப்படுப்புப் பக்கமே அத்தனை கண்களும். மேபலின் முக்காட்டு நுனி பின்னாலிருந்த மெழுகுவத்தியில் பட்டதை நான் ஒருவன்தான் பார்த்தேன்.

உதட்டை அசைக்காமல் கேட்டாள். "அகஸ்ட், என்னமோ கருகுற வாடை வருதே?"

"புகைச்சட்டிதான் மேபல். அசையாத."

தெரிந்தேதான் சொன்னேன். அவளும் அன்றைக்கு முதல்முறையாகச் சொன்ன பேச்சைக் கேட்டாள். மெல்லிய மஸ்லின் துணி அது. அவள் அலறியபோதுகூட மற்றவர்கள் ஒரு கணம் என்னைத்தான் பார்த்தார்கள், நான் இன்னும் "சரி" சொல்லவில்லையே என்று. பாவம், பழக்கதோஷம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள்.

என் பெட்டியில் நீங்கள் கண்டெடுத்த படச்சுருள் அதுதான். இருபத்திரண்டு சுற்று, பதினோரு விநாடி. நிறுத்தியிருக்க வேண்டிய கேமராவை என் கை ஏன் சுற்றிக்கொண்டே இருந்தது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

இந்த நான்கு மாதமாக அதைப் பின்னாலிருந்து முன்னால் ஓட்டித்தான் பார்க்கிறேன். நேராக ஓட்டிப் பார்க்க எனக்கு மனத்திடம் இல்லை. தீ சுருங்கும். கருகிய முக்காடு வெளுக்கும். மேபல் நிமிர்ந்து, அசையாமல், துளிச் சிரிப்பில்லாமல் நிற்பாள்.

நான் அன்று சுற்றாமல் விட்டிருந்தால் அவளைத் தினமும் யார் காப்பாற்றுவது, ஐயா?