பிரேக் தடம் எட்டு மீட்டர்

இந்த வாக்குமூலத் தாளின் தலைப்பில் எழுதியிருக்கும் பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது முப்பத்தெட்டு. தையல் தொழில் செய்கிறேன். கடைத்தெருவில் மருந்துக்கடைக்கு நேர் எதிரில் என் கடை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவள். இந்த ஆண்டு தனித்தேர்வராகப் பரீட்சை எழுதப் போகிறேன். விபத்தில் சம்பந்தப்பட்ட ரொட்டி வேனை ஓட்டியவன் என் கூடப்பிறந்த தம்பி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற திங்கட்கிழமை காலை சுமார் பத்தே முக்கால் மணிக்கு, தையல் மெஷின் மேல் இயற்பியல் புத்தகத்தை விரித்துவைத்து எதிர் முடுக்கம் என்ற பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். முடுக்கம் என்றால் வேகம் கூடுவது, அது எப்படிக் கழித்தல் ஆகும் என்று புரியாமல் இரண்டு வாரமாக மண்டை காய்ந்திருந்தேன். அப்போது டயர் கிறீச்சிடும் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். ரொட்டி வேன் நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால், சந்திலிருந்து சைக்கிளில் வந்த ஓய்வுபெற்ற தபால்காரர், எங்கள் தெருவுக்கு ஸ்டாம்பு மாமா, கீழே கிடந்தார். வேன் அவருடைய சைக்கிளின் பின் சக்கரத்தைத் தொட்டதோடு நின்றிருந்தது. விழுந்ததில் அவருக்கு மணிக்கட்டு முறிந்தது.

அதன் பிறகு காவல் ஆய்வாளர் வந்து விசாரித்தபோது மருந்துக்கடைக்காரர், "எண்பதுக்கு மேல வந்தான் சார், என் கண்ணால பார்த்தேன்" என்றார். என் தம்பி, "இருபத்தஞ்சுலதான் வந்தேன்" என்றான். அந்தத் தெருவில் நாற்பதுக்கு மேல் போகக் கூடாது. மருந்துக்கடைக்காரர் சொன்னது நிஜமென்றால் தம்பியின் உரிமமும் வேலையும் போய், அவன் சிறைக்கும் போக வேண்டியிருக்கும்.

அதன் பிறகு வேனைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ரோட்டில் கறுப்பாக இரண்டு தடங்கள் கிடந்தன. காவலர் அளந்து எழுதிக்கொண்டு போனதும் நானும் என் இஞ்சு டேப்பை வைத்து அளந்தேன். ஒன்றரை மீட்டர் டேப், ஐந்து முறை, மேலே அரை மீட்டர். ஆக எட்டு மீட்டர். கடைக்குத் திரும்பிப் புத்தகத்தைப் பார்த்தால், முடிவு வேகம், தொடக்க வேகம், முடுக்கம், தூரம் நான்கும் ஒரே சமன்பாட்டில் இருந்தன. வேன் நின்றுவிட்டது, ஆகவே முடிவு வேகம் பூஜ்யம். தூரம் எட்டு. மிச்சம் இரண்டும் தெரியாது. அந்த வேனின் பிரேக் வேகத்தை எவ்வளவு குறைக்கும் என்று தெரிந்தால் போதும், தம்பியின் வேகம் வந்துவிடும். இது உறைத்ததும் என்னால் உட்கார முடியவில்லை. அன்று ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையையும் வலது கையாகவே வெட்டிவிட்டேன்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை காலை நோட்டுடன் நிலையத்துக்குப் போனேன். ஆய்வாளர், "ஏம்மா, இது போலீஸ் ஸ்டேஷன், டியூஷன் சென்டர் இல்ல" என்றார். "சார், அதே வேன், அதே ரோடு. முப்பதுல ஓட்டி ஒரே ஒரு பிரேக் போட்டுக் காட்டுங்க. மத்தத நான் சொல்றேன்" என்றேன். அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

அதன் பிறகு புதன்கிழமை காலை தெருவை இரண்டு பக்கமும் மறித்து, காவல் துறை ஓட்டுநர் வேனை ஓட்ட, ஆய்வாளர் பக்கத்தில் அமர்ந்து வேகமானியைப் பார்த்துக்கொண்டு வந்தார். முப்பதில் பிரேக். தடம் ஐந்து மீட்டர். இன்னொரு முறை ஓட்டினார்கள், அதே ஐந்து. முப்பது கிலோமீட்டரை நொடிக்கு எட்டே கால் மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம் என்று மாற்றி, வர்க்கம் போட்டு, நான் சமன்பாட்டில் வைத்தேன். முடுக்கம் கழித்தல் ஏழு என்று வந்தது. அந்தக் கழித்தலை நான் போடவில்லை, அதுவாக வந்தது. வேன் முன்னால் போகிறது, பிரேக் பின்னால் இழுக்கிறது, அவ்வளவுதான் அந்தக் குறி. "வந்துருச்சு சார், வந்துருச்சு!" என்று நடுத்தெருவில் கத்தினேன். இதை எழுத வேண்டாம் என்றேன், ஆய்வாளர் எழுதச் சொன்னார்.

அதன் பிறகு, "நாற்பதுல ஓட்டினா எங்க நிக்கும்னு ஓட்டறதுக்கு முன்னாடியே சொல்லு" என்று ஆய்வாளர் கேட்டார். கணக்குப் போட்டு, பிரேக் போடும் இடத்திலிருந்து எட்டு மீட்டர் தொண்ணூறு சென்டிமீட்டரில் துணியில் குறி போடும் சாக்பீஸால் கோடு கிழித்தேன். வேன் வந்தது. தடம் என் கோட்டுக்கு நாலு விரற்கடை முன்னால் முடிந்தது. தெருவே ஆரவாரம் செய்தது. ஓட்டுநர் இறங்கி வந்து தடத்தையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதன் பிறகு எண்பதுக்கு எவ்வளவு என்று கேட்டார்கள். முப்பத்தைந்து மீட்டர். தம்பி நின்ற இடத்திலிருந்து பின்னோக்கி அளந்துகொண்டே போனதில் டேப் மருந்துக்கடையைத் தாண்டி வளைவுக்கு அந்தப் பக்கம் போனது. திங்கட்கிழமை விழுந்த தடமோ எட்டே மீட்டர். மருந்துக்கடைக்காரர், "சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன் சார். சத்தம் பெருசா இருந்துச்சு" என்று ஒப்புக்கொண்டார்.

எட்டு மீட்டருக்கு வரும் வேகம் முப்பத்தெட்டு. இதைச் சொன்னதும் தம்பி ஓடிவந்து என் கையைப் பிடித்தான். நான், "இருடா, இருபத்தஞ்சுன்னா மூணரை மீட்டர்லயே நின்னிருப்ப. மாமா மேல பட்டே இருக்காது" என்றேன். அவன் தலையைத் தொங்கப்போட்டு, "பயத்துல சொல்லிட்டேன்க்கா" என்றான்.

அன்று மாலையே அவன் ஸ்டாம்பு மாமா வீட்டுக்குப் போய், தான் முப்பத்தெட்டில் வந்ததைச் சொன்னதாக அறிகிறேன். மாமா, "நானும் சந்துல பிரேக் பிடிக்காமத்தான்டா வந்தேன்" என்றாராம்.

இன்று இதைப் பதிவு செய்யும்போது ஆய்வாளர், "தம்பி பொய் சொன்னத விட்டுடவாம்மா? வேகம் வரம்புக்குள்ளதானே இருக்கு" என்று கேட்டார். நான், "ஒரே கணக்குதான் சார் ரெண்டையும் சொல்லுது. ரெண்டையும் எழுதுங்க" என்றேன்.

நான் சொன்னதை அப்படியே எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார்கள். எண்களை நானே ஒருமுறை போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. யாருடைய தூண்டுதலும் இல்லாமல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
தையல்காரி, ரொட்டி வேன் ஓட்டுநரின் அக்கா