நான்கு விரற்கடைத் தகடு

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினாறாம் நாள், சனிக்கிழமை. காலையில் மலையின் தலைமீது வெண்மேகம் படர்ந்திருந்தது. தென்கிழக்குக் காற்று தெருவின் குப்பைத்தொட்டிகளை உருட்டிக்கொண்டிருந்தது. நண்பகலுக்குப் பின் காற்று முற்றிலும் ஓய்ந்தது. வெப்பம் இருபத்தாறு பாகை. கார்ப் பந்தயத்திற்கு இதைவிடப் பொருத்தமான வானிலை எங்கள் கேப் டவுனில் ஆண்டுக்கு ஆறேழு நாள்களே கிடைக்கும்.

வானிலையிலிருந்து நான் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. உங்கள் பொறியாளர் தம் அறிக்கையில் ‘பலத்த பக்கக்காற்று’ என்று எழுதியிருக்கிறார். காற்று இல்லை. அதற்கு மூன்று வரி கீழே ‘பற்றவைப்பின் தரக்குறைவு’ என்றும் எழுதியிருக்கிறார். முதற்பிழையை நான் பொறுத்துக்கொள்வேன். சார்ஜெண்ட் அவர்களே, இரண்டாவது பிழையின் பொருட்டே இன்று நானாகவே வந்து, தாளும் பேனாவும் கேட்டு, இந்த மேசையில் அமர்ந்திருக்கிறேன். அபராதத்தோடு முடிந்துவிட்ட வழக்கை எதற்காகக் கிளறுகிறீர்கள் என்று கேட்டீர்கள். நிதானமாகப் படியுங்கள்.

என் பெயர் கனீஃப் சமோடியன். வயது ஐம்பத்தெட்டு. துறைமுகத்தில், கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில், இருபத்தாறு ஆண்டுகள் பற்றவைப்பாளனாகப் பணியாற்றினேன். மருத்துவமனையில் நெஞ்சுக்கு எடுப்பதைப்போல அங்கே ஒவ்வொரு பற்றவைப்புக்கும் எக்ஸ்ரே எடுப்பார்கள். என்னுடையது ஒன்றுகூடத் திருப்பி அனுப்பப்பட்டதில்லை. ஓய்வுபெற்ற பின் கிராஸி பார்க்கில் என் வீட்டின் பக்கவாட்டில் கொட்டகை அமைத்து, எங்கள் பகுதி இளைஞர்களின் சிறிய கார்களுக்கு வேலை செய்துவந்தேன். அவர்கள் என்னைப் பூட்டா கனீஃப் என்று அழைத்தார்கள். மூத்தவர்களை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.

அந்தக் கார்களைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். அவை முப்பது ஆண்டுப் பழைமையுடைய பெட்டி வடிவக் கார்கள். எடை தொள்ளாயிரம் கிலோவுக்கும் குறைவு. எழுபது குதிரைத்திறனுக்காகச் செய்யப்பட்ட அந்த உடலில் எங்கள் இளைஞர்கள் டர்போ பொருத்தி நானூறை ஏற்றுகிறார்கள். அப்போது முதலில் தோற்பது என்ஜின் அன்று, உடல். ஒரு காலணிப் பெட்டியின் இரு முனைகளையும் பிடித்து எதிர்த்திசைகளில் திருகிப் பாருங்கள். பச்சை விளக்கு எரிந்து முன்சக்கரங்கள் தரையைக் கவ்வும் ஒவ்வொரு முறையும் காருக்கு அதுதான் நிகழ்கிறது. கண்ணாடியின் மூலையில் கீறல் விழும், கதவு தன் சட்டத்தில் பொருந்தாது, பெயின்ட் சுருங்கும். நாங்கள் இதை முறுக்கம் என்கிறோம். முறுக்கத்தை அழிக்க இயலாது. இடம் மாற்றத்தான் இயலும். இந்த ஒரு வரியை உங்கள் பொறியாளர் அறிந்திருந்தால் நான் இங்கே வந்திருக்க வேண்டியதில்லை.

இனி இக்‌ஷான் டூஃபியைப் பற்றி. நல்ல குடும்பம், தந்தை தையற்காரர். இக்‌ஷானின் காரில் கியர்பெட்டியைத் தாங்கும் பிடிமானத்தை நான் பற்றவைத்துக் கொடுத்திருந்தேன். முந்தைய அக்டோபரில், எங்கள் நேர்க்கோட்டுப் பந்தயம் நடக்கும் பழைய விமானத்தளத்தின் ஓடுபாதையில், எல்லாருடைய முன்னிலையிலும் அது கிழிந்து கார் நின்றுவிட்டது. இக்‌ஷான் கிழிந்த துண்டைக் கையில் எடுத்து அங்கிருந்த ஒவ்வொருவரிடமும் கொடுத்துப் பார்க்கச் சொன்னான்.

“இது வெல்டிங் இல்லடா, பபிள்கம். பூட்டா கனீஃப் நேத்து மென்னதைத் துப்பி ஒட்டி விட்டிருக்கார்.”

நான் துண்டை வாங்கி வெளிச்சத்தில் காட்டினேன். கிழிசல் பற்றவைப்புக் கோட்டிலிருந்து மூன்று மில்லிமீட்டர் தள்ளி, வெறும் தகட்டில் இருந்தது. கோடு முழுமையாக இருந்தது.

“தகடுதான் கிழிஞ்சிருக்கு, இக்‌ஷான். என் கோட்டைப் பாரு.”

“பாத்தேன் பூட்டா. கோடு அழகாத்தான் இருக்கு. கார்தான் ஓட மாட்டேங்குது.”

அவர்கள் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. துண்டின் படம் அன்று மாலைக்குள் எல்லாருடைய கைப்பேசிக்கும் சென்றது. மூலைக்கடைக்காரர் சில்லறைக்குப் பதிலாக எனக்குப் பபிள்கம் கொடுக்கத் தொடங்கினார். என் மைத்துனர் மகளின் திருமணத்தில் யாரோ என் தேநீர்த் தட்டில் மூன்று பபிள்கம்களை வரிசையாக வைத்திருந்தார்கள். மேசையைச் சுற்றி அனைவரும் சிரித்தனர். என் மனைவியும் சிரித்தாள். அவள் கெட்டவள் அல்லள், சிரிப்பு தொற்றக்கூடியது. நான் எழுந்து செல்லவில்லை. தேநீரைக் குடித்து முடித்தேன்.

ஜனவரியில் இக்‌ஷான் ஒரு தட்டு சமோசாவுடன் என் கொட்டகைக்கு வந்தான். இடையில் காரை வேறொருவரிடம் கொடுத்திருந்தான், அவர் பற்றவைக்கும்போது தளத்தகட்டில் ஓட்டை விழும்வரை சுட்டுவிட்டார். புறப்படும்போது கார் வலப்புறம் இழுப்பதாகவும், முறுக்கம் தாங்கவில்லை என்றும் சொன்னான். பழையதைப் பற்றி அவன் ஒரு சொல்லும் பேசவில்லை; சமோசாவே பேசிவிட்டதாக அவன் கருதினான் போலும்.

“முழுசா இறுக்கிடுங்க, பூட்டா. ஒரு மயிரளவுகூட முறுகக் கூடாது.”

எங்காவது முறுகித்தான் ஆக வேண்டும், எல்லா இடத்தையும் இறுக்கினால் மீதியுள்ள ஓர் இடம் முழுச்சுமையையும் வாங்கும் என்று நான் அவனிடம் தெளிவாகச் சொன்னேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் எச்சரித்தேன். அவன் சமோசாவைக் கடித்துக்கொண்டே, பூட்டாவுக்கு வயசாயிடுச்சு என்றான்.

வேலை இரண்டு வாரம் நடந்தது. என் வாழ்நாளில் அதைவிட நேர்த்தியாக நான் எதையும் செய்ததில்லை. உள்ளே குழாய்க் கூண்டு அமைத்தேன். தளத்தின் ஓரங்கள் அனைத்தையும் தைத்தேன். என்ஜினையும் முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளையும் தாங்கும் அடிச்சட்டம் ஒன்று உண்டு. அதன் உட்புறத்தில் எஃகுத் தகடு பதித்து ரயில் தண்டவாளம்போல் ஆக்கினேன். அடிச்சட்டம் இரும்பானது, தளம் இரும்பானது. இரண்டுக்கும் நடுவே, சட்டத்தின் பின்பக்கப் போல்ட் தளத்தில் நுழையும் இடத்தில், பக்கத்திற்கு நான்கு விரற்கடை அகலத்தில், ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் பழைய தகடு இருந்தது. அதை நான் தொடவில்லை.

அங்கே நான் மோசமான வேலை செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே நான் வேலையே செய்யவில்லை. முன்பு கார் முழுவதும் பகிர்ந்துகொண்ட முறுக்கத்தை இனி அந்த நான்கு விரற்கடை மட்டும் வாங்கும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் எப்படி அறுகிறதோ அப்படி அது அறும். முப்பதிலிருந்து நாற்பது புறப்பாடுகள் தாங்கும் என்று கணக்கிட்டேன். புறப்பாட்டில் அது அறாது. புறப்பாடு தகட்டைத் தளர்த்தும். ஓட்டம் முடிந்து பிரேக்கை அழுத்தும்போது விசை திசைமாறி, அப்போதுதான் அறும். அந்த இடத்தில் காரின் வேகம் மணிக்கு இருநூறு கிலோமீட்டர். அறுந்தபின் என் கோடு முழுமையாகவும் அதன் பக்கத்தில் தகடு கிழிந்தும் இருக்கும். சிறு துண்டாக அன்று, மறுக்க முடியாத அளவில், ஊரறிய இருக்கும். நான் விரும்பியது அவ்வளவே.

இக்‌ஷான் காரை ஓட்டுவதில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அவன் எடை நூற்றுப் பத்து கிலோ. ஓட்டுபவள் அவனுடைய தங்கை ஷிஹாம். வயது இருபத்தாறு, மருந்துக்கடையில் பணி, எடை ஐம்பத்திரண்டு கிலோ. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பாகில் தோய்த்துத் தேங்காய்த்தூள் தூவிய கூசிஸ்டர் ஆறு எடுத்துவந்து என் வாயிலில் கொடுப்பாள். அவள் ஒருநாளும் என்னைப் பபிள்கம் என்று சொன்னதில்லை. திருமண மேசையில் என் தட்டிலிருந்த மூன்றையும் எடுத்துத் தன் பைக்குள் போட்டவளும் அவளே. இவற்றையும் நான் மறைக்காமல் எழுதுகிறேன். அவள்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த இருக்கையில் யார் அமர்வது என்பதை நான் தீர்மானிக்கவில்லை, இக்‌ஷான் தீர்மானித்தான்.

மார்ச் பதினாறு அன்று மூன்றாவது ஓட்டம்தான் காருக்கு முப்பத்து நான்காம் புறப்பாடு. முதல் இரண்டு ஓட்டங்களுக்குப் பின், நான்கு மணிக்குச் சற்று முன்பாக, ஷிஹாம் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“பூட்டா, கதவு ஒட்டுது. காலைல நல்லாத்தானே இருந்துச்சு. இப்ப தோளால இடிச்சுத்தான் வெளிய வந்தேன்.”

கதவு பொருந்தவில்லை என்றால் தளம் இறங்கியிருக்கிறது என்பது எங்கள் தொழிலில் அனைவருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும், அதனால்தான் வந்தாள்.

“அடியில ஏதாவது விட்டுருச்சா? சொல்லுங்க, இந்த ஓட்டத்தை விட்டுடறேன். இக்‌ஷான் கத்துவான். கத்திட்டுப் போகட்டும்.”

நான் முதுகை மண்ணில் வைத்து அடியில் நுழைந்து பார்த்தேன். வலப்புறத்தில், என் கோட்டிலிருந்து நான்கு மில்லிமீட்டர் தள்ளி, விரல் நீளத்திற்கு ஒரு விரிசல் இருந்தது. நான் கணக்கிட்ட அதே இடம். கணக்குப் போட்டவனுக்கு விடை சரியாக வரும்போது உண்டாகும் அமைதி எனக்கு உண்டாயிற்று. வெளியே வந்து, கதவுக் கொண்டியின் இரண்டு திருகுகளையும் தளர்த்தி, இரண்டு மில்லிமீட்டர் கீழே இறக்கி, மீண்டும் முடுக்கினேன்.

“கொண்டிதான்மா. வெயில்ல தகடு விரியும்.”

அவள் கதவை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு பொருந்தியது.

“பூட்டா கை வெச்சா சரிதான். நிழல்ல போய் உக்காருங்க, முகமெல்லாம் வேர்க்குது. நீலப் பெட்டில மாம்பழ ஜூஸ் இருக்கு, அந்தத் தடியன் காலி பண்றதுக்குள்ள எடுத்துக்கோங்க.”

காரைச் செய்தவனே ஓட்டுபவரின் கதவை மூட வேண்டும் என்பது எங்களிடையே வழக்கம். மூடினேன். பின்னர் நிழலுக்குச் சென்று ஜூஸைக் குடித்தேன்.

அன்றுவரை அந்தக் கார் அப்படி ஓடியதில்லை. இழுப்பு இல்லை, நடுக்கம் இல்லை. கயிறு பிடித்துக் கோடு கிழித்ததைப்போல் ஓடுபாதையின் நடுவிலேயே சென்றது. நேரம் பதினொரு நொடிக்கும் குறைவாகப் பலகையில் ஒளிர்ந்தது. இக்‌ஷான் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. என் காதருகே, அவ்வளவு கூட்டத்திலும் எனக்கு மட்டும் கேட்கும்படி, சொன்னான்.

“மன்னிச்சுக்கோங்க பூட்டா. அன்னைக்கு நான் பேசினது தப்பு.”

அவன் தோளுக்கு மேலே, தொலைவில், பிரேக் விளக்குகள் சிவப்பாக எரிவதை நான் பார்த்தேன். மன்னிப்பு ஒரு நொடி முன்னதாக வந்துவிட்டது. எனினும் அவன் அதைத் தாழ்ந்த குரலில் கேட்டான். பபிள்கம் என்று சொன்னது தாழ்ந்த குரலில் அன்று.

வலது முன்சக்கரம் உள்ளே மடங்கியது. கார் மூன்று முறை புரண்டு ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. கூண்டு நசுங்கவில்லை, அதுவும் என் வேலை. ஷிஹாம் உயிருடன் இருந்தாள், பேசினாள். அடிச்சட்டம் பின்னுக்கு வந்து அவள் தொடைகளை அழுத்தியிருந்தது. அதை அறுத்தாலன்றி அவளை வெளியே எடுக்க இயலாது. ஆம்புலன்ஸில் அறுக்கும் கருவி இல்லை. கட்டிங் மெஷின் என் வேனில் இருந்தது. பூட்டாவைக் கூப்பிடுங்கள் என்று உள்ளிருந்து அவளே சொன்னாளாம்.

நான் கட்டிங் மெஷினுடன்தான் சென்றேன். ஆனால் கார் சாய்ந்து கிடந்ததால் அதன் அடிப்பாகம் முழுவதும் மாலை வெயிலில் திறந்து தெரிந்தது. அறுத்தால் சான்று அழியும். அறுப்பதற்கு முன் சோதிப்பது தொழிலின் முதல் விதி. கப்பல் தளத்தில் எந்த மேற்பார்வையாளரும் இதையே சொல்வார். ஆகவே கட்டைவிரலால் மண்ணைத் துடைத்து ஒவ்வொரு கோட்டையும் பார்த்தேன். எரிபொருள் கசிகிறதா என்று நான் பார்ப்பதாக எண்ணி மற்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள். கைப்பேசிக் காணொளியில் அது ஏழு நிமிடம் என்கிறார்கள். எனக்கு அவ்வளவு தோன்றவில்லை. வந்து பாருங்கள் என்று இருவரைப் பெயர் சொல்லி அழைத்தேன், அவர்கள் வரவில்லை. பார்க்க மறுத்தவர்களின் சாட்சியத்தைத்தான் நீங்கள் நீதிமன்றத்தில் பெற்றீர்கள்.

நான் அவளைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தே, கணக்கிட்டே, அவள் கேட்டபோதும் சொல்லாமல் கொன்றேன் என்று எழுதுங்கள். ஒவ்வொரு தாளிலும் கையொப்பமிடுகிறேன். கவனக்குறைவு என்று எழுதாதீர்கள். என் வாழ்நாளில் நான் கவனக்குறைவாக இருந்ததில்லை. கோடுகள் பதினொன்று. பதினொன்றும் முழுமையாக இருந்தன. கடைசிக் கோட்டைப் பார்த்துவிட்டு, கட்டிங் மெஷினை இயக்கிக்கொண்டு, அவளுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்ற மகிழ்ச்சியுடனேயே கதவுப்பக்கம் திரும்பினேன். ஆம்புலன்ஸ் பணியாளர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்: மாலை நான்கு மணி முப்பத்தொரு நிமிடம்.