கலண்டரில் ஐந்தாவது வரி

— நாலு மணிக்குக் கலண்டர் அச்சு மெஷின்ல ஏறுது, நிலுஷா. இப்ப மூண்டேகால். ‘வாற வருஷம் எப்பிடி’ பக்கத்துக்கு இன்னும் ரெண்டு வரி வேணும். என்ர மகள் டிலக்ஷியின்ர கலியாண வேலை வேற கிடக்கு. கெதியாச் சொல்லும்.

— என்ர கடைக்கு மருந்துக்கு வந்த சனம் உங்களுக்குப் பின்னால நிக்குது, பேணாட் அங்கிள். மற்ற மூண்டு வரியும் என்ன?

— குரக்கன் பிட்டு கலியாணப் பந்திக்கும் வரும். ஜிம்முக்குப் போற பெடியள் சோத்தை விட்டிட்டு டின்னில வாற புரதமாவில சீவிப்பினம். மழை வெள்ளம் வடிஞ்ச கையோட டெங்கு. வருஷா வருஷம் போடுற வரிதான். வருஷா வருஷம் பலிக்குது.

— அதில உங்களுக்குச் சந்தோஷம்.

— எனக்கென்ன, தீர்க்கதரிசி எண்டு பேர். போன முறை நீர் சொன்ன நித்திரைக் குளிசை வரிக்கு மூதூரில இருந்து போன் எடுத்தவை, எப்பிடித் தெரியும் எண்டு. நாலாவதைச் சொல்லும்.

— ஆறு வயசுக்குள்ள பிள்ளையளுக்குக் கண்ணாடி. போன் பாத்துப் பாத்து.

— அருமை. எழுதிட்டன். அஞ்சு?

— கலியாணம் கட்டுற பொம்பிளைப் பிள்ளையளுக்குச் சிறுநீரகம் பழுதாகும்.

— விசரே உமக்கு? சனம் கலண்டரை மாதா படத்துக்குப் பக்கத்தில கொழுவுறது.

— அதுக்குத்தான் சொல்லுறன். வருஷம் முழுக்கக் கண்ணில படும்.

— எதை வைச்சுச் சொல்லுறீர்?

— கோயில்ல கலியாண ஓலை வாசிக்கிறதை வைச்சு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிஞ்சவை சொல்லுங்கோ எண்டு சுவாமி வாசிக்கிற ஒவ்வொரு பேரையும் நான் குறிச்சு வைக்கிறனான். இந்த வருஷம் பதினொரு பேர். மூண்டு மாசத்துக்குள்ள நாலு பேர் டொக்டரின்ர துண்டோட இங்க வந்திட்டினம். எல்லாருக்கும் கால் வீக்கம்.

— கலியாணம் முடிச்சவளுக்குக் கால் வீங்கினா அது நல்ல செய்தியெல்லோ!

— ரெண்டு பேர் முடிக்க முந்தி வந்தவை, அங்கிள்.

— ஆண்டவரே.

— அதில்லை. சிறுநீரில புரதம் போகுது. நாலு பேரும் முகம் வெளுக்க ஒரே கிறீம் பூசினவை. பேர் ஒண்டும் ஒட்டாத வெள்ளை டப்பி. கலியாணத்துக்கு முன்னம் அம்பது நாள். ஒரு டப்பியை வாங்கி, கம்பஸில படிப்பிக்கிற சிநேகிதியிட்டக் குடுத்துச் சோதிச்சனான். பாதரசம்.

— காய்ச்சல் பாக்கிற குழாய்க்குள்ள இருக்கிற சாமானோ?

— அதுதான். தோலால இறங்கும்.

— ஆர் குடுக்கிறது இதை?

— கலியாணப் பொம்பிளை வெளிக்கிடுத்துற பியூட்டி பாலர். உங்கட கலண்டரின்ர அடியில கொட்டை எழுத்தில இருக்கிற பாலர்.

— மெல்லக் கதையும், பிள்ளை. அவைதான் கலண்டருக்கு உபயம்.

— தெரியும். லிங்கநகரில இருந்து சாம்பல்தீவு வரைக்கும் சுவருக்குச் சுவர் தொங்கப்போகுது. நாலு மணிக்குப் பிறகு மாத்த ஏலாது.

— உபயகாரரின்ர கலண்டரிலயே உபயகாரருக்கு எதிரா எழுதச் சொல்லுறீர்.

— ஓம்.

— ஏலாது. தை பத்தாம் திகதி டிலக்ஷியை வெளிக்கிடுத்துறதும் அவைதான். போன ஞாயிறு ரெண்டாம் ஓலையும் வாசிச்சாச்சு. இப்ப போய்ச் சண்டை பிடிக்கவோ?

— நானும் கோயில்ல இருந்தனான். அதுதான் வேற ஆருக்கும் சொல்லாமல் உங்களுக்கு முதல்ல சொல்லுறன். அவளும் பூசுறாளோ?

— பூசுறாள். முப்பத்திரண்டு நாள் போட்டுது. ஒரு தலையிடி கூட இல்லை. நாலு பேரைப் பாத்திட்டு ஊருக்கே வருத்தம் எண்டு வைக்கிறீர்.

— நான் நாலு பேரைத்தான் பாத்தனான். மற்ற ஏழு பேர் எங்க மருந்தெடுக்கினம் எண்டு எனக்குத் தெரியாது.

— இஞ்ச, போனைப் பிடியும். கலண்டரின்ர முகப்பு. முந்தாநாள் எடுத்த படம். ஆரெண்டு தெரியுதோ?

— டிலக்ஷி.

— சிறுநீரகம் பழுதானவளின்ர முகமோ இது? ஒட்டிக் கிடந்த கன்னம் எப்பிடி நிரம்பிக் கிடக்கு, பாரும். என்ர மனிசி மரியம்மா சொல்லுறாள், கலியாணக் களை எண்டு.

— படத்தைப் பெருசாக்கிப் பாக்கிறன். பொறுங்கோ.

— பாரும், பாரும். நல்லாப் பாரும்.

— நல்லாச் சாப்பிடுறாளோ?

— எங்க! சட்டை இறுகிப் போச்செண்டு ஒரு கிழமையா ஒரு நேரச் சாப்பாடு. ஏன் கேக்கிறீர்?

— அங்கிள், அந்தக் கதிரையில இருங்கோ.

— எனக்கு நேரமில்லை, மெஷின்காரன் பாத்துக்கொண்டிருக்கிறான். அஞ்சாவதைச் சொல்லும்.

— விடிய எழும்பேக்க, கண்மடல் வீங்காமல் அவளுக்குக் கண் திறக்க ஏலுதோ?