பக்கத்துச் சீற்

— பத்தேகாலாச்சு, ஜெனாட். முகத்தை உப்பிடி வைச்சிருந்தா நான் என்னெண்டு நினைக்கிறது? திரும்பவும் பெயிலோ?

— சச்சி அண்ணை, பாஸ்!

— உண்மையாவோ?

— பார்க்கிங் ஒரே வெட்டில. சோதிச்சவர் வாயே திறக்கேல்லை. என்ர செத்துப்போன மனுசன் ஒருநாளும் ஸ்ரியறிங்கைத் தொட விடேல்லை. மகன், "அம்மா, அறுபது வயசில உதெல்லாம் வேண்டாம், பஸ்ஸில போங்கோ" எண்டான். இனி ஸ்காபரோ முழுக்க என்ர ஹோர்ன் கேக்கும்!

— நான் வாசலில கும்பிட்டுக்கொண்டு நிண்டனான்.

— கண்டனான். உங்கட பிள்ளையாரையோ, என்ர அந்தோனியாரையோ?

— ரெண்டு பேரையும். இந்தாரும், என்னட்டை இருந்த உம்மட காரின்ர மற்றத் திறப்பு. இண்டையோட இந்த ஸ்புத்னிக்குக்கு ஓய்வு.

— கார் பழக்கத் தொடங்கின நாளில இருந்து உதையே சொல்லுறியள். ரஷ்யாக்காரன் வானத்துக்கு விட்ட சாமானெல்லோ அது?

— அதுக்கு அந்தப் பேரைப் பிறகுதான் வைச்சவங்கள். சொல்லு பழசு. கனடாவுக்கு அனுப்புறன் எண்ட ஏஜென்சிக்காரன் எங்களை மொஸ்கோவில விட்டிட்டு ஓடின பனிக்காலத்தில படிச்சனான். 'ஸ்' எண்டா கூட. 'புத்' எண்டா பாதை. பாதையில கூட வாற ஆள். பூமியோட கூடச் சுத்தினபடியால் அந்தச் சாமானும் ஸ்புத்னிக்.

— அவ்வளவுதானோ?

— கலியாணம் கட்டினவையையும் அப்பிடிச் சொல்லுவாங்கள். வாழ்க்கைக்குக் கூட வாற ஆள் எண்டு. அது வேற கதை.

— ம்.

— பழகிற ஆக்களின்ர ஜி வன் லைசன்சுக்குப் பக்கத்தில ஒரு ஆள் இருக்கவேணும் எண்டு சட்டம். அதுக்கு வந்தனான். இனி உமக்கு ஒருத்தரும் தேவையில்லை. சனமும் வாயை மூடும்.

— சனம் என்னவாம்?

— புருசன் இல்லாதவளும் கலியாணம் கட்டாதவனும் ஒரே காரிலயாம். விடும். என்னை வீட்டடியில இறக்கிவிட்டாக் காணும்.

— நில்லுங்கோ. ஏன் பின்கதவைத் திறக்கிறியள்?

— மரியாதையாப் பின்னுக்கு இருக்கிறன்.

— நான் என்ன டாக்சியே ஓடுறன்?

— முன்னுக்கு இருக்க எனக்கு இனி ஒரு நியாயமும் இல்லை, ஜெனாட்.

— ரெண்டு தரம் பெயில் விட்டன். பழகினது காணாமலே எண்டு நினைச்சியள்?

— என்ன சொல்லுறீர்?

— பாஸ் பண்ணினா நீங்கள் வரமாட்டியள் எண்டு தெரியும். இண்டைக்குத்தான் துணிஞ்சனான். இப்ப ஃபோர் ஓ வன் ஹைவேயில ஏறப்போறன். அண்ணை எண்டு கூப்பிட்டதும் காணும். அந்தக் கதவைச் சாத்திப்போட்டு முன்னுக்கு வாரும், சச்சி. வாறீரோ?