பொன்னம்பலத்தாரின் பழைய பக்கம்

பக்கம் பழசாகத் தெரிந்தால் யாரும் பதறத் தேவையில்லை, சேர். ஒருமுறை பார்த்ததைப் போன் தனக்குள் சேமித்து வைத்திருக்கும். மறுமுறை திறந்தால் அதையே எடுத்துக் காட்டும். அந்தச் சேமிப்புக்குக் கேஷ் என்று பெயர். அதை அழித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் புதிதாக எடு என்று செற்றிங்கை மாற்றினால் போதும். இதை எத்தனையோ பேருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

சண்டிலிப்பாயில் மரண அறிவித்தல் பக்கம் நடத்துகிற பாலேஸ்வரி நான்தான். ஊரில் ஓர் உயிர் பிரிந்தால் லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற எங்கடை சனம் முதலில் பார்ப்பது என் பக்கத்தைத்தான். அதில் வந்தால் ஆள் இல்லை. அப்படியொரு நம்பிக்கை. எனக்கென்று வேறெதுவும் இருந்ததில்லை.

தை மாதம் பொன்னம்பலத்தார் நெஞ்சுவலியென்று ஆஸ்பத்திரியில் கிடந்தார். எங்கள் வளவுக்குப் பின்னால் இருப்பது அவருடைய புகையிலைத் தோட்டம். ஒரு காலை அவருடைய மகள் தயாளினி அழுதபடி போன் எடுத்தாள்.

“அக்கா, அப்பா போட்டார்.”

அதோடு தொடர்பு அறுந்தது. எங்கள் பேச்சில் போட்டார் என்றால் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களின் படத்தை நான் முன்கூட்டியே எடுத்து வைப்பது வழக்கம். அறிவித்தலைப் போட்டேன்.

பிறகுதான் தெரிந்தது. மனுசன் புகையிலைக்குத் தண்ணீர் இறைக்க வேண்டுமென்று, ஒருவருக்கும் சொல்லாமல் வார்டில் இருந்து நழுவியிருக்கிறார். ஆஸ்பத்திரியை விட்டுப் போய்விட்டார் என்றுதான் அவள் அழுதிருக்கிறாள்.

உடனே அழித்தேன். “ஐயா நலமாக உள்ளார், தவறுக்கு வருந்துகிறோம்” என்று போட்டேன். என் கொம்பியூட்டரில் சரியாகவே தெரிந்தது. வெளிநாட்டுப் போன்களில் மட்டும் அவர் செத்தபடியே இருந்தார். சாவுத் துடக்கு, தீட்டு என்று லண்டனில் ஒரு கலியாணத்தையே நிற்பாட்டிவிட்டார்கள். அங்கே இருக்கிற அவருடைய தம்பி முருகேசுவுக்கு விளங்கப்படுத்தினேன்.

“கேஷை அழியுங்கோ, ஐயா.”

“அண்ணையை அழிச்சுப்போட்டு இப்ப காசையும் அழிக்கச் சொல்லுறியோ, பிள்ளை?”

பொன்னம்பலத்தார் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லது. சந்தித் தேத்தண்ணிக் கடையில் நின்று, “பிரேதம் வந்திருக்கு, ஒரு பிளேன்ரீ போடு” என்பார். என்னைக் கண்டால், “எடி சாக்காட்டி, என்ரை செத்தவீட்டு எட்டாம்நாள் சாப்பாட்டுக்கு எனக்கும் சொல்லுவியோ?” என்பார். சனம் வயிற்றைப் பிடித்துச் சிரித்தது. சாக்காட்டி என்றால் கொன்றுபோடுகிறவள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அப்படியே கூப்பிடத் தொடங்கின. அதற்குப் பிறகு ஊரில் விழுந்த சாவு ஒன்றும் என்னிடம் வரவில்லை.

நான் நிதானமாக யோசித்தேன். இத்தனை நாடுகளில் இத்தனை போன்கள் ஒன்றைச் சொல்கின்றன. ஒரே ஓர் ஆள் அதற்கு மாறாக நிற்கிறார். எதைத் திருத்துவது சுலபம்?

நேற்றுப் பின்னேரம் தோட்டத்துக்குப் போனேன். அவர் வாய்க்காலடியில் குனிந்து நின்றார். மண்வெட்டி வரம்பில் கிடந்தது.

“என்ன சாக்காட்டி, சரிபிழை பாக்க வந்தனியோ?”

“ஓம், ஐயா.”

மண்வெட்டியின் பின்புறத்தால் அடித்தேன். தாடை விலகியது. சிரிப்பு மட்டும் கோணலாக முகத்தில் நின்றது. அது போகுமட்டும் அடித்தேன். கையால் தடுத்தார், விரல்கள் முறிகிற சத்தம் கேட்டது. விழுந்த பிறகு மண்வெட்டியைத் திருப்பிக் கழுத்தில் போட்டேன். தண்ணீர் சிவந்து புகையிலைக் கன்றுகளுக்குப் போனது. பயிர் அழுகிவிடுமே என்று வாய்க்காலை மண் வைத்துக் கட்டினேன்.

நிமிர்ந்தபோது தயாளினி தேத்தண்ணிப் போத்தலோடு வரம்பில் நின்றாள். வாய் திறந்திருந்தது.

“அப்பா போட்டார்,” என்றேன். “இந்த முறை பிழையில்லை.”

அவள் ஊரைக் கூப்பிட ஓடினாள். நான் வீட்டுக்கு வந்து கை கழுவி, அவருடைய அறிவித்தலைத் திரும்பப் போட்டேன். நீங்கள் கதவைத் தட்டியபோது அதில்தான் இருந்தேன்.

அவரைக் கொன்றது நான்தான். அதை வாக்குமூலத்தில் எப்படியும் எழுதுங்கள். என் பக்கத்தில் பொய் வந்தது என்று மட்டும் எழுதவேண்டாம். லண்டனில் பழைய பக்கத்தை அழிக்காமல் வைத்திருப்பவர்களுக்குத் திகதி கொஞ்சம் முந்திவிட்டது, அவ்வளவுதான். உங்கள் போனில் இன்னும் “நலமாக உள்ளார்” என்று காட்டினால், கேஷை அழித்துவிட்டுப் பாருங்கள், சேர்.