ராணியின் பிள்ளைகள் குடித்த பால்

மார்பு இரண்டும் கல்லாய்க் கட்டி விண்விண்ணென்று தெறித்தன லுசிந்தாவுக்கு. விடியலில் பிள்ளைக்குக் கொடுத்தது. அப்புறம் இருட்டும்வரை குனிந்தபடி ஒலிவக் காய் பொறுக்கல்.

லுசிந்தா யாரென்றால், போன வருஷம் நம்மோடு காய் பொறுக்கினாளே சுல்மீரா, அவளுடைய சித்தி. நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

இரவு ஒன்பது மணி. பண்ணையிலிருந்து ஊருக்குப் போகிற பாதை இடிந்த கன்னியர் மடத்தை ஒட்டித்தான் போகும். ஆள் நடமாட்டம் கிடையாது. உள்ளே பழைய ராணி ஒருத்தியின் கல்லறை. பக்கத்தில் முழ நீளத்தில் இன்னும் மூன்று... ஒரே வாரக் கொள்ளைநோயில் போன அவள் பிள்ளைகள். மேலே அவரவர் உருவம், கல்லில்.

அன்றைக்குக் காற்றில்லை. ஈரக் கல்லின் நாற்றம். அதோடு புளித்த பால் வாடை.

ம்ஹ்... ம்ஹ்...

பசித்த குழந்தை, அழுவதற்கு முன் முனகுமே, அது. பெற்ற உடம்பு நம் சொல்லைக் கேட்குமா? பால் தானாகக் கசிந்து சட்டை நனைந்தது. கால் உள்ளே போனது.

ஒருத்தி நின்றாள். தலையில் கிரீடம். முகம்... மூக்கு உடைந்த கல் முகம்.

“வா பொண்ணே. என் பிள்ளைங்க பசியா இருக்காங்க.”

“எனக்கும் வீட்டுல ஒண்ணு பசியாத்தான் கிடக்கு, மகாராணி. நீங்களே கொடுங்களேன்.”

“நாங்க பால் கொடுக்கிற வழக்கமில்ல. ஆள் வெச்சுத்தான். உனக்குத் திருப்பிக் கொடுத்துடறேன்.”

“செத்தும் அவளுக்குக் கூலிக்காரி வேணுமாக்கும்!” என்கிறாள் இங்கே நம்மோடு உட்கார்ந்திருக்கிற ஹெர்மினியா. ஆமாம்டி. சிரிக்காதே.

லுசிந்தாவுக்கு வலி தாங்கவில்லை. வீடு போவதற்குள் ஊறிவிடும் என்று நினைத்தாள். ராணியின் வாக்கு வேறு. சட்டையை அவிழ்த்தாள்.

மூன்று வாய். பனிக்கட்டி மாதிரி. உறிஞ்ச உறிஞ்ச மணல் நறநறத்தது... கடைசிச் சொட்டுவரை.

வீட்டில் அவள் பிள்ளை ஆந்த்ரே, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த துணியைச் சப்பிக்கொண்டு கிடந்தான். தூக்கி மார்பில் வைத்தாள். இழுத்தான். விட்டான். கத்தினான். வெறும் தோல். அதற்கப்புறம் ஒரு சொட்டு ஊறவில்லை. ஆட்டுப்பால் சேரவில்லை. ஒன்பதாம் நாள் சத்தம் அடங்கியது.

அவனைப் புதைத்துவிட்டு நேராக மடத்துக்குப் போனாள். ஒட்டிக் கிடந்த கல் கன்னங்கள் மூன்று ஜோடியும் உப்பியிருந்தன.

அவளுக்கு இப்போது எழுபது வயது. வருஷா வருஷம், பால் கொடுத்த அந்த ராத்திரி, ஒரு வெறும் மண் கிண்ணத்தை ராணியின் நெஞ்சின்மேல் வைத்துவிட்டு வருவாள். விடிந்து போய்ப் பார்ப்பாள். காய்ந்து கிடக்கும்.

ராணி அவளுக்குத் தர வேண்டியது இன்னும் நிற்கிறது. ஒரு பிள்ளைக்கு வயிறு நிறைய, ஒரு வேளைப் பால்.