உடைமரக் காட்டு வள்ளம்

ஹலோ... ஓம் ரீச்சர், பெற்றிசியாதான்... ஓம், ஓம், காட்டுக்குள்ளதான் நிக்கிறன்... இல்லை, வெளிக்கிடாதேங்கோ. பார்க்க வாற ஆட்களையும் மறியுங்கோ.

வள்ளம் இல்லை ரீச்சர்.

...காட்சிக்கு எண்டு நாங்கள் கொப்பாலயும் சிப்பியாலயும் நிலத்தில அடுக்கின வள்ளம்தான். வேற எந்த வள்ளம்? குலைஞ்சு கிடக்குது... மாடோ? மாடு சிப்பியைப் பொறுக்கிக் குவிச்சு வைக்குமே?... விறகுக்கு வந்த ஆட்களும் இல்லை.

என்ர மனுசன்.

...ஓம். டொமினிக்தான்... குடியில்லை. குடிச்சிருந்தால் நானே இழுத்துக்கொண்டு போயிருப்பன்... ஏசுங்கோ. ஹவ்வா உம்மா தாராபுரத்திலயிருந்து சுமந்த சிப்பி, தெரியும். எல்லாற்ற பாடும்தான், தெரியும்... இல்லை, கேளுங்கோ... ரீச்சர், ஒருக்காக் கேளுங்கோ!

அண்டைக்கு நீங்கள் கேட்டனீங்கள் எல்லே, அணியத்தை எந்தப் பக்கம் வைப்பம் எண்டு... அணியம், வள்ளத்தின்ர முன்பக்கம். வயல் ஊர் நறுவிலிக்குளத்து ஆளுக்கு எத்தனை தரம் சொல்லுறது... ஓம். பள்ளிமுனைப் பொம்பிளையள் எல்லாரும் ஒரே வாயில கடல் பக்கம் எண்டு சொன்னம். நான்தான் முதல் சொன்னனான். வள்ளமெண்டால் கடலைத்தானே பார்க்கும். யோசிக்கேல்லை.

அந்த அணியத்திலதான் நிறோஜன்ர பலகையையும் எல்லாருமாத் தூக்கி வைச்சம்... ஓம், எங்கட பெடியன் போன வள்ளத்தில கரைக்கு வந்தது அது மட்டும்தானே. மனுசன் அதைத் தொடவும் விடேல்லை. நான்தான் கெஞ்சி வாங்கினனான். எல்லாரும் சேர்ந்து செய்யினம், அவனுக்கும் ஒரு இடம் இருக்கட்டும் எண்டு.

நேற்றுத்தான் வந்து பார்த்தவர்... விடியப் பார்த்தால் பாயில ஆள் இல்லை. தேடிக்கொண்டு இஞ்ச வந்தனான்.

...அழேல்லை. சொல்லுறன்.

“திரும்பவும் ஏனடி அவனைக் கடலுக்கு அனுப்புறாய்?” எண்டு கேட்டார்.

உடைக்கேல்லை ரீச்சர். திருப்புறார். ஒவ்வொரு கொப்பா. அணியம் எங்கட வீட்டுப் பக்கம்... கையெல்லாம் முள்ளுக் கிழிச்சு இரத்தம்...

ஐயோ வேண்டாம், நீங்கள் எடுத்த படத்தைப் பார்த்துப் பழையபடி அடுக்க வேண்டாம்... இல்லை ரீச்சர், வேண்டாம்... ஓம்... ஓம். மற்ற ஆக்களிட்ட நீங்களே சொல்லுங்கோ. என்னால ஏலாது.

பலகை மட்டும்தான் மிச்சம். தனியத் தூக்கேலாமல் நிக்கிறார். என்னைக் கூப்பிடவும் மாட்டார்... இல்லை, வைக்கிறன். மற்றப் பக்கத்தை நான் பிடிக்கோணும்.